வாசகர் கேள்வி – பதில்: போரும் பெண்களிடம் கேட்கப்படும் தியாகமும்

கேள்வி: 1962-இல் சீனப் போரின்போது என் பாட்டி தம் வளையல்களைத் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்தார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். போர் என்றதும் மேடைப் பேச்சாளர்கள் பெண்களை நோக்கியே தியாகம் கேட்பது ஏன்?
– வாசகி ஒருவர், மயிலாப்பூர்

பதில்: தங்கள் பாட்டியார் மனமுவந்து கொடுத்ததை எவராலும் சிறுமைப்படுத்த இயலாது, கேட்டவர்களின் பேச்சைத்தான் நாம் ஆராய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமைக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்கியிருந்தாலும், பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தமிழ்நாட்டு மகள்களுக்கு 1989-இல்தான் கிடைத்தது. ஆகவே அன்றைய பெண்கள் பலருக்கு, நோய் வந்தாலும் கணவன் கைவிட்டாலும் உதவக்கூடிய ஒரே சொத்து நகைதான். போர்க்காலப் பேச்சு அந்தச் சொத்தை வெறும் அலங்காரமாகக் குறைத்துக் காட்டுகிறது. அப்படிக் காட்டியபின், கொடுக்கத் தயங்குபவள் அழகுக்கு ஆசைப்படுபவளாகிவிடுகிறாள்.

இத்தாலியில் இது அரசு விழாவாகவே நடந்தது. எத்தியோப்பியாமீது முசோலினி படையெடுத்திருந்தபோது, 1935 டிசம்பர் 18 அன்று, அரசி எலேனா ரோம் நகரில் தம் திருமண மோதிரத்தை முதலில் அளிக்க, பெண்கள் தொடர்ந்து அளித்தார்கள். பதிலுக்கு அவர்களுக்கு இரும்பு மோதிரம் தரப்பட்டது. அதன்பின் தங்க மோதிரத்துடன் தெருவில் நடப்பதே கொடுக்காதவளைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த நாட்டைப் பறிக்கும் போர் நியாயமா என்று கேட்க அங்கே இடமே வைக்கப்படவில்லை.

நம் மேடைகளில் இதற்குப் புறநானூறு துணைக்கு அழைக்கப்படுகிறது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்பும் தாயை 279-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். ஆனால் அந்தப் பாட்டு 'கெடுக சிந்தை. கடிதுஇவள் துணிவே' (இவள் சிந்தை கெடுக, இவளது துணிவு கடுமையானது) என்று தொடங்குகிறது. அந்தத் துணிவின் கடுமை கண்டு புலவரே ஒரு கணம் நடுங்குகிறார். தாய் வேல் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புலவரின் நடுக்கத்தை விட்டுவிடும் பேச்சாளர், மாசாத்தியாருக்கு அநீதி செய்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு, புதிய நகைகளை 14 காரட்டுக்குள் அடக்கியதால் பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களிடம் எவரும் தியாகம் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பாராட்டி மேடை எதுவும் போடப்படவில்லை.

கேள்வி: அப்படியானால் நேதாஜி 1943-இல் சிங்கப்பூரில் பெண்களைத் திரட்டியதும் இதே வகைதானா?
– வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: முழுவதும் அல்ல. மகனைக் கொடு, கணவனைக் கொடு என்று கேட்பதோடு நில்லாமல், பெண்ணையே படைவீரராக வரும்படி அவர் அழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில், மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர், இந்தியாவைக் கண்ணால் கண்டிராமலே சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சியும் படைப்பதவியும் கிடைத்தன. முடிவெடுப்பவர்களாக அவர்கள் மதிக்கப்பட்டார்கள். அதே கூட்டங்களில் நகையும் கேட்கப்பட்டது உண்மை. முந்தைய பதிலில் நான் சொன்னது அதற்கும் அப்படியே பொருந்தும்.