மிஸ்ஸியிடம் கேளுங்கள்: மார்கழிக் கடிதங்கள்

மார்கழி, அதாவது டிசம்பர், பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடும். மற்ற மாதங்களில் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாமியோடு ஒத்துவரவில்லை என்று எழுதுகிறவர்கள் இந்த மாதத்தில் தங்களையே குறை சொல்லி எழுதுகிறார்கள். மழையும் ஒரு காரணமாக இருக்கும். வாவி நிறைந்து, வயல்வழியெல்லாம் தண்ணீர் நின்று, வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிற நாட்களில் மனம் தன்னைத்தானே தோண்டத் தொடங்கும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கிற மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சோர்ந்துபோன மனதுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, கைக்கு ஒரு சின்ன வேலை கொடுக்க வேண்டும் என்பது அந்த வீடுகளில் நான் படித்தது. இந்தமுறைப் பதில்களும் அந்த வழியில்தான் போகின்றன.

மிஸ்ஸி, எனக்கு 34 வயது. கணவர் கட்டாரில். மூன்று பிள்ளைகள், மாமியும் என்னோடுதான். விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் இரவு பத்துக்குத்தான் படுக்கை. ஆனாலும் இந்த வருசம் என்ன செய்தாய் என்று யாரும் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. என் தங்கை வந்தாறுமூலையில் பட்டம் முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்தே ஒரு வருசத்தைக் கழித்துவிட்டேன் போலிருக்கிறது.
வாசகி, கொக்கட்டிச்சோலை

மகள், குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரைக் கழற்றுங்கள். கடைக்காரர் புதுக் கலண்டர் தந்தவுடன் பழையதைச் சுருட்டி எறிந்துவிடுவோம். இந்தமுறை எறிய வேண்டாம். அதில் உங்கள் கையெழுத்து இருக்கும். காஸ் மாற்றிய நாள், மாமியின் கிளினிக் நாள், சீட்டுக்காசு கட்டிய நாள், பிள்ளைகளின் வகுப்புக்காசு. ஒரு கொப்பியை எடுத்து, தை மாதத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மாதமும் நீங்கள் செய்த வேலைகளை எழுதுங்கள். "பிள்ளைகளைப் பார்த்தேன்" என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன். "மாசியில் சின்னவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை, இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போனேன், டெங்கு என்றார்கள், வார்டில் அவனோடு நின்றேன், வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் சோற்றுக்கு ஒழுங்கு செய்துவிட்டுப் போனேன்" என்று எழுத வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு மருத்துவமாதின் பிரிவில் ஏறக்குறைய 3000 பேர் இருப்பார்கள். யார் கர்ப்பம், யாருக்கு எத்தனையாவது பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி, நிறை கூடியதா குறைந்ததா, எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன், பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடந்துபோய் வீடு வீடாக ஏறி இறங்குவோம். நேரத்துக்கு ஊசி போட்ட பிள்ளைக்கு என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. சின்னமுத்து வராது, தாய் அழமாட்டாள், ஊரில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். சரியாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் நாங்கள் சும்மா திரிந்தோம் என்று எங்களுக்கே தோன்றியிருக்கும். வீட்டுவேலையும் அதே மாதிரித்தான். பகல் ஆக்கிய சோறு பின்னேரத்துக்குள் முடிந்துவிடும், தோய்த்த உடுப்பு நாளைக்கு மறுகாவும் அழுக்காகும். எழுதாவிட்டால் அது நடந்ததற்குச் சாட்சியில்லை.

எழுதி முடித்ததும் உங்கள் கணவர் கதைக்கிற நேரத்தில் இரண்டு மூன்று மாதத்தையாவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். காசு அனுப்புகிறவருக்கு அனுப்பிய கணக்குத் தெரியும், அந்தக் காசு பிள்ளையாகவும் மருந்தாகவும் மாறிய கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. தங்கை பரீட்சைக் காலத்தில் உங்கள் வீட்டில் நின்று படித்தாளா? அப்படியானால் அவளுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்த இரவுகளையும் அந்தந்த மாதத்தில் சேருங்கள். அவளுடைய பட்டம் அவளுடையதுதான். ஆனால் உங்கள் கொப்பியிலும் அதற்கு ஒரு வரி உண்டு.

எமக்கு வருசப்பிறப்பு சித்திரையில்தானே? மார்கழி முடிவில் இந்தக் கணக்குப் பார்ப்பதெல்லாம் எதற்கு?
ஓய்வுபெற்ற அதிபர், ஆரையம்பதி

மருத்துநீர் வைத்து முழுகுவதும் கைவிசேடம் வாங்குவதும் சித்திரைக்கே உரியவை ஐயா, அதை யாரும் மாற்றப்போவதில்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அலுவலகமும் வங்கியும் தைக்கும் மார்கழிக்கும் இடையில் ஓடுகின்றன. திருவெம்பாவைக்கு விடிய எழும்புகிற மாதம் இது. கோயிலால் வந்த பிறகு கொஞ்ச நேரம் இருந்து யோசிக்க இதைவிட நல்ல வேளை எது?

அண்ணனும் நானும் வேலிப் பிரச்சினையில் இரண்டு வருசமாகக் கதைப்பதில்லை. அடுத்தடுத்த வளவு. தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. வருசம் முடிய முதல் இதை முடிக்க ஆசை. நானாகப் போனால் வேலியை விட்டுக்கொடுத்தது போலாகிவிடாதா?
கடை வைத்திருப்பவர், கல்முனை

தம்பி, வேலி ஒரு அலுவல், அண்ணன் இன்னொரு அலுவல். இரண்டையும் ஒரே நாளில் தீர்க்க வெளிக்கிட்டதால்தான் இரண்டு வருசம் போயிருக்கிறது.

வேலிக்கு வழி இருக்கிறது. நில அளவையாளரைப் பிடித்து உறுதியில் உள்ளபடி அளக்கலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. அங்கே இருப்பவர்கள் நீதிபதிகள் அல்ல, தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்கவைத்து, இருவரும் சம்மதித்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கும் சான்றிதழ் தருவார்கள், பிறகு நீதிமன்றம் போகலாம். உங்கள் உரிமை அங்கே பத்திரமாக இருக்கும். தையில் அதைப் பாருங்கள்.

அண்ணனுக்கு இந்தக் கிழமையே போங்கள். எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு, முன்வாசலால் போங்கள். வேலிக்கு மேலால் நீட்டக்கூடாது. "அண்ணிக்குக் கொண்டுவந்தேன்" என்று சொன்னால் போதும். மன்னிப்பும் கேட்க வேண்டாம், எதிர்பார்க்கவும் வேண்டாம். வேலியைப் பற்றி அவர் தொடங்கினால், "அது தையில் அளந்து பார்ப்போம் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை விசாரியுங்கள். அவர் வாங்காமல் விட்டாலும் உங்கள் பங்கு முடிந்துவிட்டது. நாளைக்குக் கடை திறக்கும்போது அந்தப் பாரம் உங்கள் தோளில் இருக்காது. பிள்ளைப்பேற்று வீடுகளில் பகை முடிந்ததை நான் நிறையக் கண்டிருக்கிறேன். யாரோ ஒருவர் கையில் ஏதோ ஒன்றோடு வாசலில் வந்து நிற்பார், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை நடத்தி முடிந்ததை நான் காணவில்லை.

எனக்கு 20 வயது. உயர்தரத்தில் பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் பெறுபேறு வரவில்லை. கூட்டாளிமார் சிலர் வளாகத்தில், சிலர் வெளிநாட்டில். போனைத் திறந்தால் அவர்களுடைய படங்கள்தான். நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணத்தோடு வருசம் முடிகிறது.
வாசகர், களுவாஞ்சிக்குடி

தம்பி, உதவுகிறாயா இல்லையா என்பதை ஒரே காலையில் பார்த்துவிடலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இரத்த வங்கிக்குப் போ. 18 வயதிலிருந்து 60 வரை கொடுக்கலாம். 50 கிலோ நிறை வேண்டும். அடையாள அட்டையை எடுத்துக்கொள். முதல் நாள் இரவு நன்றாக நித்திரை கொண்டு, காலையில் வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போ. உன் இரத்தத்தைச் சோதித்து, உடல்நிலை சரியா என்று பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். மறுபடி கொடுக்க நான்கு மாதம் பொறுக்க வேண்டும். ஏதாவது காரணத்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கமில்லை. உன் உடம்பைப் பற்றி ஒரு விசயம் தெரிந்துகொண்டு வருகிறாய்.

நீ கொடுக்கிற இரத்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். பிள்ளை பிறந்து, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் தாய்க்கு இரத்தம் நிற்காமல் போகும். முகம் வெளுத்து, கை குளிர்ந்து, கொஞ்ச நேரத்துக்குள் கையைவிட்டுப் போய்விடுவாள். அந்த நேரத்தில் மருத்துவரின் கெட்டித்தனம் மட்டும் போதாது, குளிர்பெட்டிக்குள் இரத்தம் இருக்க வேண்டும். யாரோ முகம் தெரியாத ஒரு பொடியன் முன்கூட்டியே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்படி உயிர் பிழைத்த தாய்மாரின் பிள்ளைகளை நான் பள்ளிக்கூட உடுப்போடு கண்டிருக்கிறேன். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளைகளுக்கோ வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கையில் இந்த இரத்தம் காசுக்குக் கிடைப்பதில்லை. விரும்பிக் கொடுப்பவர்கள் கொடுத்தால்தான் உண்டு.

பல்கலைக்கழகம் போக உயர்தரம் மூன்று முறை எழுதலாம். எழுதுவதா, தொழில் ஒன்று பழகுவதா என்பதைத் தையில் யோசி. கூட்டாளிமாரின் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டாய். முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு வா, பிறகு பார்.

நாங்கள் முன்பு நாவலடி. இப்போது திராய்மடுவில் இருக்கிறோம். 2004இல் இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. பிறகு பிறந்த மகளுக்கு இப்போது 18 வயது. நத்தார், புதுவருசம் என்று அவள் வீட்டைச் சோடிக்கிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். 26ஆம் திகதியை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சிரிப்பேன்? சிரித்தால் குற்றம் செய்தது போல இருக்கிறது.
ஒரு தாய்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை. அந்தப் பகலில் நானும் வைத்தியசாலையில் நின்றேன். அங்கே கண்டதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கு எழுதிக் காட்டவும் தேவையில்லை.

மறந்துவிடுங்கள் என்று யாரும் சொன்னால் அவரோடு கதைக்காதீர்கள். விளக்கு ஏற்றுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மகளுக்குத் தன் அண்ணன், அக்கா எப்படிப் போனார்கள் என்று தெரியும். எப்படி இருந்தார்கள் என்று தெரியுமா? யாருக்குப் பால்புட்டு விருப்பம், யார் நித்திரையில் கதைக்கும், வீட்டில் செல்லமாக என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள், ஒருத்தரை ஒருத்தர் எங்கே கடித்தார்கள். இந்தமுறை 26ஆம் திகதி பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்தி அதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு விருப்பமானதை இரண்டு பேருமாகச் சமையுங்கள். சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். பிள்ளைகளின் குழப்படியைச் சொல்லச் சிரிக்காத தாய் இல்லை. அந்தச் சிரிப்பு அவர்களுடையது. அதில் குற்றம் எங்கே வருகிறது?

நித்திரை வராத இரவுகள் தொடர்ந்தால், உயிர் வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், தனியே இருந்து பொறுக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள்.

மிஸ்ஸி, நான் தரம் 10. எங்கள் கணித ரீச்சர் இந்த வருசத்தோடு மாற்றலாகிப் போகிறார். வகுப்பில் பரிசு வாங்கக் காசு சேர்க்கிறார்கள். அம்மாவிடம் கேட்க மனமில்லை. வெறுங்கையோடு நிற்கவும் வெட்கமாக இருக்கிறது.
மாணவி, திருக்கோவில்

மனே, ஒரு கொப்பித்தாள் எடு. "நீங்கள் நல்ல ரீச்சர்" என்று எழுதாதே, அதை வாழ்த்து மடலிலேயே அச்சடித்திருப்பார்கள். எந்த நாள், எந்தக் கணக்கு, நீ எங்கே பிழைவிட்டாய், ரீச்சர் வந்து என்ன சொன்னார், பிறகு உனக்கு எப்படி விளங்கியது, அதை எழுது. நான் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேலைகளைக் கட்டிப் பழசாக்கிவிட்டேன். ஒரு தாய் அரைத்தாளில் எழுதித் தந்தது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. "வெள்ளத்துக்குள் தோணியில் வந்து என் பிள்ளையின் தொப்புளைப் பார்த்தீர்கள்" என்று ஒரே வரி. அவர் எழுதியிராவிட்டால் அந்த நாள் எனக்கு நினைவிலேயே இருந்திருக்காது.

காசு சேர்க்கிற பிள்ளையிடம், "நான் கடிதம் கொடுக்கிறேன்" என்று நேராகவே சொல். கடைசி நாள் கூட்டத்துக்குள் நீட்டாமல், முதல் நாளே ரீச்சரின் கையில் கொடு. கீழே உன் முழுப்பெயரையும் வகுப்பையும் எழுத மறக்காதே, அவர் கற்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.