என் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

வணக்கம் சார்,

திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். தூத்துக்குடியில் ஏற்றிய எங்கள் கன்டெய்னர் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துவிட்டது. எங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்திருக்கிறார்கள், என் பங்கைக் கட்டுகிறேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போட்டு உத்தரவாதமும் கொடுத்தால்தான் பெட்டியை விடுவார்கள் என்று, சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் சொல்கிறார். யாருடைய சரக்கோ போனதற்கு நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? ஐரோப்பியச் சட்ட வரலாறு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பதால் கேட்கிறேன். இது வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிகள் தங்கள் வசதிக்காகப் போட்டுக்கொண்ட சட்டம்தானே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கடைசி வரியில் இருக்கும் சந்தேகம் சரியல்ல. கப்பல் கம்பெனி என்று ஒன்று தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த விதி இருந்தது. உங்களைப் போன்ற வியாபாரிகள் சரக்கோடு தாங்களும் கப்பலேறிப் போன காலத்து ஏற்பாடு இது.

புயலில் கப்பல் மூழ்கப் போகிறது. பாரத்தைக் குறைக்க ஒருவருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளுகிறார்கள். கப்பல் தப்பிக் கரை சேர்கிறது. அந்த ஒருவர் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்? தப்பித்த சரக்குக்காரர்கள் எல்லோரும், கப்பலின் சொந்தக்காரரும் சேர்த்து, அவரவர் பொருளின் மதிப்புக்கு ஏற்ப அவருக்கு ஈடு கட்ட வேண்டும். இதுதான் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்ற விதி. பேரரசர் ஜஸ்டினியன் 533-ல் வெளியிட்ட டைஜெஸ்ட் என்ற ரோமானியச் சட்டத் தொகுப்பின் 14ஆம் புத்தகத்தில் இது ரோட்ஸ் தீவின் சட்டம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்காகவும் கொடுக்கப்பட்டதை எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கும் வாசகத்தின் சாரம்.

கணக்கு எளிது. கப்பலும் சரக்கும் சேர்ந்து 1000 கோடி, காப்பாற்றுவதற்காக இழந்தது 50 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 5 சதவீதம். உங்கள் சரக்கு 40 லட்சம் என்றால் 2 லட்சம். இழந்தவரும் தன் பங்கான 5 சதவீதத்தைச் சுமக்க வேண்டும். முழு ஈடும் அவருக்குக் கிடைத்துவிட்டால், கடலில் சரக்கைப் பறிகொடுத்தவர் மட்டும் நஷ்டமே இல்லாமல் போய்விடுவார் அல்லவா? இந்த நுணுக்கம்தான் எனக்கு இந்த விதியின் மேல் பெரிய மதிப்பை உண்டாக்கியது.

இடைக்காலத்தில் இது இன்னும் உயிரோட்டமாக இருந்தது. பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒலெரோன் என்று ஒரு தீவு. போர்தோவிலிருந்து ஒயின் பீப்பாய்களை ஏற்றிப்போன கப்பல்களின் வழக்குகளில் சொல்லப்பட்ட தீர்ப்புகள் அந்தத் தீவின் பெயரால் தொகுக்கப்பட்டன. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் கப்பல் தலைவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, காற்று எப்படி இருக்கிறது, போகலாமா என்று கேட்க வேண்டும் என்கிறது ஒரு தீர்ப்பு. சரக்கைக் கடலில் தள்ளுவதற்கு முன்னும் கூடவே வரும் வியாபாரிகளிடம் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தாலும் ஆபத்து முற்றினால் தள்ளலாம். ஆனால் கரைக்கு வந்ததும் தலைவரும் அவருடைய ஆட்களில் மூன்றில் ஒரு பங்கினரும் பைபிள் மீது கை வைத்து, உயிரையும் கப்பலையும் சரக்கையும் காப்பாற்றவே அப்படிச் செய்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

பார்சிலோனா, வலென்சியா பக்கம் வழங்கிய ‘கொன்சொலாத் தெ மார்’ என்ற கடல் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வியாபாரி தன் கையால் முதல் பொருளைக் கடலில் போட்ட பிறகுதான் கப்பல்காரர்கள் மற்றதைத் தொடலாம். கப்பலின் கணக்கர் அதைப் பதிவுசெய்துகொள்வார். அலை மேலே அடித்துக்கொண்டிருக்கும்போது இத்தனை ஒழுங்கும் நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்ததோ இல்லையோ, உன் சம்மதம் இல்லாமல் உன் சொத்தை எடுக்க மாட்டோம் என்ற எண்ணம் அந்த விதியில் இருக்கிறது.

அரசர்கள் பிறகுதான் வந்தார்கள். 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர் காலத்தில், 1681-ல், பிரான்சின் கடல் ஆணை வந்தது. சிதறிக் கிடந்த துறைமுக வழக்கங்களைத் திரட்டி அரசுச் சட்டமாக்கியது அது. அதில் பெரும்பகுதியை நெப்போலியனின் 1807 வணிகச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. அவசியம் குறைந்தது, கனமானது, விலை குறைந்தது எதுவோ அதை முதலில் தள்ள வேண்டும் என்று வரிசை போட்டது. மாலுமிகளின் உடுப்புக்குப் பங்கு கேட்கக் கூடாது என்றும் சொன்னது. 1861-ல் ஜெர்மன் நாடுகள் பொதுவாக ஏற்ற வணிகச் சட்டத்திலும் கடல் வணிகத்துக்குத் தனிப் பகுதி உண்டு.

அப்புறம் ஒரு சிக்கல். ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை எழுதியதும், கப்பல் எந்தத் துறைமுகத்தில் போய் நிற்கிறதோ அதைப் பொறுத்துக் கணக்கு மாறியது. இதைச் சரிசெய்ய 1860-ல் கிளாஸ்கோவிலும், 1864-ல் யார்க்கிலும், 1877-ல் ஆன்ட்வெர்ப்பிலும் கூடிப் பேசினார்கள். யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் என்பது அப்படி வந்த பெயர். கடைசியாக 2016-ல் திருத்தப்பட்டன. இவற்றை எந்த நாடாளுமன்றமும் உங்கள் மேல் சுமத்தவில்லை. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில், இந்த விதிகளைக் குறிப்பிட்டுப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதன் வழியாகத்தான் அவை உங்களைக் கட்டுப்படுத்துகின்றன. நம் நாட்டின் 1963ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டமும் ஜெனரல் ஆவரேஜை அங்கீகரிக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, இதே தர்க்கம் போய் நின்ற இன்னோர் இடத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாக இருக்காது.

1781-ல் சோங் என்ற லிவர்பூல் கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. வழி தவறியது. தண்ணீர் போதாது, மற்றவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று சொல்லி 130-க்கும் மேற்பட்ட மனிதர்களைக் கடலில் தள்ளிக் கொன்றார்கள். உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். 1783-ல் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டாளர்கள் மறுவிசாரணை கேட்டபோது தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட், குதிரைகளைத் தள்ளியது போலத்தான் ஜூரி இதைப் பார்த்தது என்று சொன்னார். இங்கிலாந்தின் வணிகச் சட்டத்தை உருவாக்கியவர் என்று கொண்டாடப்படும் மனிதர் அவர். மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார், ஆனால் அது நடந்ததற்குப் பதிவு இல்லை. முன்பு அடிமையாக இருந்த ஒலாடா எக்வியானோ சொல்லித்தான், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்புக்கு விஷயமே தெரிந்தது. கொலை வழக்குப் போட ஷார்ப் எவ்வளவோ முயன்றார். யாரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டக் கணக்கில் அது ஜெனரல் ஆவரேஜ் அல்ல, காப்பீட்டு வழக்கு. ஆனால் மொத்தத்தைக் காப்பாற்ற ஒரு பகுதியை இழக்கலாம் என்ற அதே வாதம். அடிமைமுறையைத் தாங்கி நின்ற ரோமானியச் சட்டத்தின் அந்த டைஜெஸ்ட்டே, கடலில் மாண்ட அடிமைகளுக்கு விலை போட்டுப் பங்கு பிரிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. 1783-ல் லண்டனில் அந்த வரம்பும் இல்லாமல் போயிற்று. ஒலெரோன் கப்பலில் காற்றைப் பற்றிக்கூட மாலுமியிடம் கருத்துக் கேட்டார்கள். சோங் கப்பலில் மனிதர்கள் சரக்குப் பட்டியலில் இருந்தார்கள். யார் பங்குதாரர், யார் சரக்கு என்பதை இந்த விதி தானாகத் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவர்களின் கையில்தான் அதன் நியாயம் இருக்கிறது.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன். முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பாருங்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலேறியதுமே பொறுப்பு வாங்குபவருக்குப் போயிருக்கும், பெரும்பாலும் அவர்தான் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் பொறுப்பிலேயே இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள். வழக்கமான சரக்கு பாலிசிகள் எல்லாமே ஜெனரல் ஆவரேஜைச் சேர்த்துத்தான் வருகின்றன. உத்தரவாதத்தை அவர்களே கொடுப்பார்கள். பாலிசி எடுக்காதவர்களிடம்தான் ரொக்க டெபாசிட் கேட்பார்கள். இறுதிக் கணக்கு முடியச் சில சமயம் வருடக்கணக்கில் ஆகும், அதுவரை பணம் முடங்கும்.

கணக்கு வந்ததும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தீயில் எரிந்த சரக்கின் மதிப்பை அதில் சேர்க்கக் கூடாது. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரால் கெட்டதைச் சேர்க்கலாம். புகையாலும் வெப்பத்தாலும் வந்த சேதத்துக்கு யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகளில் இடமில்லை. அடுத்து, தீ ஏன் பிடித்தது? புறப்படும்போதே கப்பல் பயணத்துக்குத் தகுதியில்லாமல் இருந்தது, உரிமையாளர் எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்று தெரியவந்தால், அவருக்குப் பங்கு கொடுக்க மறுக்கும் வாதம் உங்களிடம் இருக்கிறது. உத்தரவாதம் கொடுத்துப் பெட்டியை எடுத்துவிட்ட பிறகும் அந்த வாதத்தை வைக்கலாம். ஆனால் பாண்டில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் எதுவும் இல்லையே என்று கையெழுத்துக்கு முன் கடல் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.