மகனை அனுப்பும் தாய் அழலாமா? - வாசகர் கேள்வி பதில்

(பதில் அளிப்பவர்: கணவருடன் கென்யாவில் மருத்துவ ஊழியம் செய்து ஓய்வுபெற்று, இப்போது காட்பாடியில் வசிக்கும் செவிலியர்)

கேள்வி: எங்களுக்கு ஒரே மகன். அவனும் மருமகளும் டாக்டர்கள். வருகிற ஜூன் மாதம் மூன்று வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு கென்யாவில் உள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள். சபையில் எல்லோரும் என்னை வாழ்த்துகிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. "கர்த்தருக்குக் கொடுத்த பிறகு அழுவது விசுவாசக் குறைவு" என்கிறார் நாத்தனார். என் கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய், இப்போது பார்வையும் மங்கி வருகிறது. நான் அழுவது தவறா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அழுங்கள் அம்மா, தாராளமாக அழுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நாத்தனாரோடு சேர்ந்து வாசியுங்கள். எபேசு சபையின் மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள், பிறகு கப்பல்வரை போய் வழியனுப்பினார்கள். அவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் வேறு: கணவரின் பார்வை. அதை மகனிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவன் மனம் கலங்கிவிடும் என்று மறைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஊழியத்துக்குப் போகிறவர்கள் பெற்றோரைப் பற்றிக் கேட்டால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்வார்தான். ஆனால் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த வேளையிலும் தம் தாயை யார் வீட்டில் வைத்துக் காப்பது என்று ஏற்பாடு செய்தவர் அவர். உலகத்துக்காக உயிரைக் கொடுத்த நேரத்தில் அவருக்கே அந்த நினைவு இருந்ததென்றால், விமான டிக்கெட் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகன் புறப்படுவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசட்டும். சபையின் ஆயரும் கூட இருந்தால் நல்லது. சர்க்கரை நோயாளிக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது விழித்திரையைச் சோதிக்க வேண்டும், அதற்கு அப்பாவை வேலூருக்கு அழைத்து வருவது யார்? நடு இரவில் மயக்கம் வந்தால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்? வங்கிக் கணக்கில் யார் பெயரைச் சேர்ப்பது? "சபையார் இருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. எந்த வீட்டார், எந்தத் தொலைபேசி எண் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வழியனுப்பு ஆராதனையில் பொன்னாடை போர்த்துகிற சபைக்கு இந்தக் கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். நம் ராணிப்பேட்டையில் பிறந்து, பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1890இல் இந்தியாவுக்குத் திரும்பியது மிஷனரி ஆவதற்கு அல்ல. திண்டிவனத்தில் உடல்நலம் குன்றியிருந்த தாயைக் கவனிக்கத்தான் வந்தார். சிறுமியாக இருந்தபோது அந்தத் தாய் அவரைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார், பிரிவு என்றால் என்னவென்று ஐடாவுக்குத் தெரியும். தாயைப் பார்க்க வந்த இடத்தில்தான் அழைப்பும் வந்தது. பின்னர் 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்து, வேலூரில் ஒரே படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். தாயும் முதுமையில் அவரோடுதான் இருந்தார். பெற்றோரைப் பேணுவதையும் ஊழியத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் இந்த வரலாற்றை யோசித்துப் பார்க்கலாம்.

அவர்கள் போன பிறகு ஒன்றை மட்டும் கட்டாயம் கடைப்பிடியுங்கள். இரண்டு பக்கமும் கெட்ட செய்தியை மறைக்கக் கூடாது. நாங்கள் கென்யாவில் இருந்த காலத்தில் நீல நிற விமானத் தபால்தான். அப்பா நடுவில் எழுதுவார். அவர் முடித்த பிறகு அம்மா தாளைத் திருப்பி, ஓரங்களில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் எழுதுவார்: மாடியில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வற்றல் போட்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, பாலாற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது. ஒருமுறை வந்த கடிதத்தில் "இங்கு எல்லோரும் சுகம்" என்று அப்பா எழுதியிருந்தார். ஓரங்கள் வெறுமையாக இருந்தன. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார் என்ற செய்தி அடுத்த கடிதத்தில்தான் வந்தது. அது வரும்வரை ஒரு நாள்கூட நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. நோயின் செய்தியைத் தாங்க முடியும் அம்மா. மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் தாங்க முடியாது.

இப்போது உங்களுக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு இரவு ஏழு மணி என்றால் அங்கே மாலை நான்கரை. ஞாயிறு மாலை என்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி திரையின் முன் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பாள், அதற்காக வருந்தாதீர்கள். நீங்கள் கதை சொல்லும் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே பெரிது.

கேள்வி: கணவர் இங்கே பைபிள் கல்லூரியில் கற்பிக்கிறார். ஊரில் ஆசிரியையாக இருந்த எனக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் என் பெயர் 'மற்றும் குடும்பத்தினர்' என்பதற்குள் அடங்கிவிட்டது. புலம்பினால் ஊழியத்துக்குத் தடையாக இருக்கிறேன் என்று நினைப்பார்களோ?
- திருப்பத்தூரிலிருந்து சென்ற ஒரு மனைவி, நைரோபி

பதில்: தங்கையே, இது புலம்பல் அல்ல. அடுத்த ஜெபக் கடிதத்தில் பாதியை நீங்கள் எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். இதைக் கணவரிடம் நேராகச் சொல்லுங்கள். அனுப்பிய சங்கத்துக்கும் எழுதுங்கள், ஏனெனில் தம்பதியரை அனுப்புகிறவர்கள் மனைவிக்கான வேலையையும் அனுமதியையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பல மனைவிமார் மனம் ஒடிந்து திரும்புவது இதனால்தான்.

அதுவரை சுவாஹிலி கற்றுக்கொள்ளுங்கள். நான் அதைப் புத்தகத்தைவிடச் சந்தையில்தான் அதிகம் கற்றேன். கீரை விற்ற ஒரு பெண்மணி என் ஒவ்வொரு சொல்லையும் திருத்தி, சரியாகச் சொன்ன பிறகுதான் 'சுகுமா' கீரைக் கட்டைக் கையில் கொடுப்பார். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறி உகாலி செய்யவும் அவரே கற்றுக்கொடுத்தார். நம் கேழ்வரகுக் களி கிளறிப் பழகிய கைக்கு அது எளிதாக வந்துவிட்டது. அந்நிய நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வீடு அவருடைய வீடு.

கேள்வி: நம் ஜவ்வாது மலையிலேயே தேவை இருக்கும்போது வெளிநாட்டுக்கு மிஷனரிகளை அனுப்புவது சரியா?
- கல்லூரி மாணவர், ஆரணி

பதில்: நியாயமான கேள்வி தம்பி. இதே கேள்வியை 1819இல் அமெரிக்காவிலும் கேட்டிருப்பார்கள். அந்த ஆண்டு ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடரும் மனைவி ஹாரியட்டும் கப்பல் ஏறினார்கள். கரை இறங்கிய கல்கத்தாவிலேயே சிறு மகளைப் பறிகொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பலனை நம் மாவட்டம் இன்றும் அனுபவிக்கிறது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. திருநெல்வேலி சபையார் 1903இல் தங்கள் சொந்தக் காசில் மிஷனரி சங்கம் கண்டு, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் உங்கள் கேள்வியில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. ஜவ்வாது மலைக்கு ஒருமுறைகூட ஏறாதவர் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்றால், முதலில் மலைக்குப் போய் ஒரு வருடம் இருந்து வரச் சொல்வேன்.

கேள்வி: மகள் கென்யாவில் ஊழியத்தில் இருக்கிறாள், பிரசவம் நெருங்குகிறது. எங்களுக்கு ஏதாவது ஆனால் உடனே வர முடியுமா? எதைத் தயாராக வைக்க வேண்டும்?
- ஒரு தந்தை, வாலாஜாபேட்டை

பதில்: முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கென்யாவிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவர்களிடம் அதைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடலாம், சாவு வீட்டுக்கு வருகிறவருக்கு அது எப்பேர்ப்பட்ட துயரம்! ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். புறப்படுகிறவர்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் மகள் போட்டிருக்கிறாளா என்று கேளுங்கள். போடவில்லை என்றால், கர்ப்ப காலத்தில் தானாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் கேட்கட்டும்.

இரண்டாவது, குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் இந்தியர்கள் என்றாலும் பதிவு இல்லாமல் குடியுரிமை தானாக வராது, தாமதித்தால் மத்திய அரசின் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாவது, அவசர டிக்கெட்டுக்கான பணத்தை யார் கொடுப்பது என்று சங்கத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.