கேள்வி நேரம்: ஊருக்குப் பெயர் தந்த கர்னல்

கேள்வி: பென்சில்வேனியாவில் 'வில்க்ஸ்-பாரே' என்றொரு ஊர் இருக்கிறது. வில்க்ஸ், பிரிட்டிஷ் எம்.பி. ஜான் வில்க்ஸ் என்று தெரியும். பாரே யார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஐசக் பாரே. 1726-ல் டப்ளினில் பிறந்தவர். தந்தை, பிரான்ஸின் லா ரோஷெல் நகரிலிருந்து மதத்துக்காக வெளியேறிய ஹியூகனாட், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்ட். மகன் டிரினிடி கல்லூரியில் படித்துவிட்டு 1746-ல் ராணுவத்தில் சேர்ந்தார். சிபாரிசுக்கு ஆளில்லாததால் பல வருடம் கீழ்ப் பதவியிலேயே கிடந்தார். பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் வுல்ஃப்தான் அவர் திறமையைக் கண்டுகொண்டவர். 1759 செப்டம்பர் 13 அன்று, கனடாவில் பிரெஞ்சுப் படையுடன் நடந்த கியூபெக் போரில் வுல்ஃப் இறந்தார்; பாரேயின் கன்னத்தில் குண்டு பாய்ந்து ஒரு கண் பார்வை போனது. பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், உயிர் பிரியும் வுல்ஃபின் அருகே பாரேயும் இருக்கிறார். உண்மையில் அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை.

கேள்வி: பணமும் குடும்பச் செல்வாக்கும் இல்லாமல் எப்படி எம்.பி. ஆனார்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அரசியல் செல்வாக்குள்ள நிலப்பிரபு ஷெல்பர்னின் தயவில். அந்தக் காலத்தில் பல தொகுதிகளில் வாக்காளர்கள் சில டஜன் பேர்தான். ஊர்ப் பெரிய நிலப்பிரபு கைகாட்டியவரே ஜெயிப்பார். பாரே 1761 முதல் சிப்பிங் விக்கம், 1774 முதல் 1790 வரை கால்ன் தொகுதி உறுப்பினர். இரண்டும் ஷெல்பர்னின் செல்வாக்கில் இருந்தவை. எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. அரசு தரும் பதவிதான் வருமானம். ஆகவே எதிர்த்து வாக்களித்தால் வயிற்றில் அடி. 1763-ல், அரசைத் தாக்கி எழுதியதற்காகக் கைதான வில்க்ஸின் விவகாரத்தில் அரசை எதிர்த்ததற்காக, ஸ்டிர்லிங் கோட்டை கவர்னர் பதவி உட்பட ராணுவத்தில் இருந்த பதவிகளைப் பறிகொடுத்தார். தெரிந்தேதான் எதிர்த்தார் என்பதை மறக்கக்கூடாது.

கேள்வி: அமெரிக்கர்கள் அவரைக் கொண்டாடியது எதனால்? (கோவை வாசகர்)

பதில்: 1765 பிப்ரவரியில் நிகழ்த்திய ஒரே உரை. அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வரி போடும் மசோதா வந்தது. சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், பகடைக்குப் பத்து ஷில்லிங், பட்டச் சான்றிதழுக்கு இரண்டு பவுண்டு. "நாம் நட்டு வளர்த்து, ஆயுதம் கொண்டு காத்த பிள்ளைகள் இதைக்கூடத் தரமாட்டார்களா?" என்ற தோரணையில் வரியை ஆதரித்து எம்.பி. சார்லஸ் டவுன்ஷெண்ட் பேசினார். பாரே எழுந்து மூன்று வார்த்தையையும் பிடித்துக்கொண்டார்: நட்டது உங்கள் அடக்குமுறை, வளர்ந்தது நீங்கள் கண்டுகொள்ளாததால், ஆயுதம் எடுத்தவர்கள் அவர்களே. அம்மக்களை 'சுதந்திரத்தின் புதல்வர்கள்' என்றார். அமெரிக்காவில் போரிட்டு அந்த மக்களை நேரில் அறிந்தவர் சொன்னதால் பேச்சில் கனம் இருந்தது.

மசோதா நிறைவேறிவிட்டது. அன்று நாடாளுமன்றப் பேச்சை அச்சிடுவதே உரிமை மீறல். பார்வையாளர் மாடத்தில் இருந்த கனெக்டிகட் பிரதிநிதி ஜாரெட் இங்கர்சால் அதைக் கடிதமாக ஊருக்கு எழுத, அங்கே பத்திரிகையில் வந்தது. வரியை எதிர்த்துத் திரண்ட குழுக்கள் 'சுதந்திரத்தின் புதல்வர்கள்' என்ற பெயரையே சூடிக்கொண்டன. 1766 மார்ச்சில் வரி ரத்தானது. 1769-ல் வில்க்ஸ்-பாரே பெயர் பெற்றது.

அதற்காக அவரைப் புரட்சிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய பாஸ்டனின் துறைமுகத்தை மூடும் 1774 மசோதாவை அவர் ஆதரித்தார். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸின் ஆட்சி உரிமைச் சாசனத்தில் கைவைத்த அடுத்த மசோதாவைத்தான் எதிர்த்தார்.

கேள்வி: ஊழலை எதிர்த்தவருக்கே பெரிய பென்ஷன் கிடைத்ததாமே? (மதுரை வாசகர்)

பதில்: உண்மைதான். வீண் செலவை வருடக்கணக்கில் சாடியவருக்கு 1782-ல் ஆண்டுக்கு 3,200 பவுண்டு ஒதுக்கப்பட்டபோது பெரும் கூச்சல் எழுந்தது. நியாயமான கூச்சல் என்பதே என் கருத்து. என்றாலும், கொள்கைக்காகப் பதவி இழந்தவருக்கு ஈடு என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 1784-ல் பிரதமர் இளைய பிட் அதைச் சாதுர்யமாக முடித்தார். கருவூலத்தில் வேலையே இல்லாத ஒரு பதவி காலியானது. ஆயுள் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 3,000 பவுண்டு. வசதியில்லாத பிட் அதைத் தானே எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். பாரே பென்ஷனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவருக்கே கொடுத்தார். எப்படியும் யாருக்காவது போயிருக்கும் பதவி அது. அரசுக்கு 3,200 பவுண்டு மிச்சம். அதற்குள் பாரேக்கு மறு கண்ணும் போயிருந்தது. 1802 ஜூலையில் லண்டனில் இறந்தார்.