பழைய ஹாம் ரேடியோ செட்டை (ரிக்) 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை திறப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், எண்பதுகளில் வந்த ஜப்பான் செட் ஒன்று வாங்கினேன். 7.100க்கு மேல் பிடிடி (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தினால் பவரே வரவில்லை. ஆனால் ரிசீவ் அருமை. கெட்டுப்போன செட்டா?

பதில்: நல்ல செட்தான். அது தயாரான காலத்தில் நம் பகுதியில் ஹாம்களுக்கு (லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு) 40 மீட்டர் பேண்ட் 7.000 முதல் 7.100 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். 2003 உலக ரேடியோ மாநாடு 7.200 வரை நமக்குக் கொடுத்தது. 2009 மார்ச் 29 முதல் அது அமலுக்கு வந்தது. செட்டுக்குள் இருப்பது இன்னும் பழைய கணக்கு. ஸ்விட்ச் போட்டதும் செட், சிபியு (கட்டுப்படுத்தும் சிப்) போர்டில் உள்ள சில டையோடுகளை (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகங்கள்) பார்த்து, தான் எந்த நாட்டு மாடல் என்று முடிவு செய்கிறது. உரிய டையோடை விலக்கினால் எல்லை விரியும்.

கேள்வி: எந்த டையோடு என்று சொல்லிவிடுங்களேன்.

பதில்: மாடல் தெரியாமல் சொல்ல மாட்டேன். ஒரே மாடலில்கூட ஐரோப்பியப் போர்டும் அமெரிக்கப் போர்டும் வேறுபடலாம். சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். டையோடை வெட்டி எறியாமல் ஒரு காலை மட்டும் தூக்கிவிடுங்கள். வேண்டும்போது திரும்பப் பற்றவைக்கலாம்.

கேள்வி: ஐகாம் ஐசி-751 வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்யலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! அதில் இயக்க நிரலே ராம் (மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவில் வைக்கும் சிப்) போர்டில், லித்தியம் பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி போனால் செட் செத்துவிடும். ஐசி-745ம் இதே ரகம்.

கேள்வி: யேசு எஃப்டி-101க்கு என்ன மாற்ற வேண்டும்?

பதில்: ஒன்றும் வேண்டாம். 40 மீட்டர் பேண்டில் அதன் விஎஃப்ஓ (அலைவரிசையை மாற்றும் சுற்று) 7.0 முதல் 7.5 வரை போகும். ப்ரீசெலக்டர், பிளேட், லோடு என்ற மூன்று குமிழ்களையும் ட்யூன் செய்து பேசுங்கள்.

கேள்வி: திறந்ததுதான் திறந்தோம், 1.8 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் டிரான்ஸ்மிட் செய்தால் என்ன?

பதில்: செய்யாதீர்கள். முதலில் சட்டம்: லைசென்ஸ் உங்களுக்கு, ஹாம் பேண்டுகளுக்கு மட்டும். 10.100க்கு ஒட்டிக் கீழே 10.005 வரை விமானப் போக்குவரத்தின் இடம். அங்கே தவறி அழுத்துவதே ஆபத்து.

அடுத்து ஹார்மோனிக். டிரான்சிஸ்டர் பைனல் (கடைசிப் பெருக்கி) எந்த அலைவரிசையையும் பெருக்கும். கூடவே இரட்டை, மும்மடங்கு அலைவரிசைகளும் கிளம்பும்; இவைதான் ஹார்மோனிக். அவற்றைத் தடுப்பது ஒவ்வொரு பேண்டுக்கும் உள்ள லோ-பாஸ் ஃபில்டர் (வெட்டு எல்லைக்கு மேலுள்ளதை அடைப்பது). 7.150க்கும் 7.050க்கும் ஒரே ஃபில்டர், எனவே 14.3ல் வருவது அடைபடும். பேண்டுகளுக்கு நடுவே போனால், இரண்டாம் ஹார்மோனிக் ஃபில்டரின் வெட்டு எல்லைக்குள்ளேயே விழலாம். அப்போது அது அப்படியே ஆண்டெனாவுக்குப் போகும்.

கேள்வி: மாற்றியபின் பேண்ட் விளிம்பில் கவனிக்க வேண்டியது?

பதில்: இனி செட் உங்களைத் தடுக்காது. எல்எஸ்பியில் குரல் டயல் எண்ணுக்குக் கீழே 3 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும், ஆகவே 7.003க்குக் கீழே இறங்காதீர்கள். 20 மீட்டர் பேண்டின் மேல் விளிம்பான 14.350 பக்கம் யுஎஸ்பி (குரல் டயல் எண்ணுக்கு மேலே பரவும் முறை) என்பதால், அங்கே 14.347க்கு மேல் போகாதீர்கள். முதல் சோதனை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை), குறைந்த பவரில்.