ஆற்றில் தண்ணீர் இருந்தும் நத்தை இனம் அழியுமா?

"அணையில் தண்ணீர் நிறையத்தானே நிற்கிறது, அப்புறம் நத்தை எப்படி அழியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்பதுதான் சிக்கலே. அமெரிக்காவில், அலபாமாவின் கூசா ஆற்றில் 1914 முதல் அடுத்தடுத்து அணைகள் எழும்பின. கைரோட்டோமா என்ற நத்தைப் பேரினத்தில் இருந்த 6 இனங்களும் அதோடு போயின. செவுளால் மூச்சுவிட்டு, ஓட்டமான நீரில் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்றவை அவை. ஓட்டம் நின்றதும் பாறையை வண்டல் மூடிவிட்டது.

நம்ம திருநெல்வேலி வயல் நத்தை வேறு ரகம். அதற்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு. பிசானப் பருவ நெல்லை அறுத்து வயல் காய்ந்தால் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு அடுத்த தண்ணீர் வரும்வரை கிடக்கும். சரியான அழுத்தக்காரன்! இதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, நத்தை எதையும் தாங்கும் என்றுதான் தோன்றும். பாபநாசம் பக்கத்து ஓடைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளுக்கோ நுரையீரல் கிடையாது.