குழாயடிக்கு அப்பால் ஹெலன் கெல்லர்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், பார்வையும் செவிப்புலனும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லரைப் பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று கண்டித்து வந்த கடிதங்கள் அதிகம் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப் பாடங்களில் ஹெலன் கெல்லரின் கதை, அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் குழாயடியில் அவர் ஒரு கையில் நீர் விழச் செய்து, மறு கையில் 'தண்ணீர்' என்று எழுதிக்காட்டும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அவர் எதைச் செய்து பிழைத்தார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். (ஓர் ஆசிரியை, தென்காசி)

பதில்: உங்கள் மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. குழாயடிச் சம்பவம் நடந்த 1887இல் அவருக்கு ஏழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவர் மறைந்தது 1968இல், தம் 87ஆம் வயதில். 1903இல் தன்வரலாற்றை எழுதி வெளியிட்டார், மறு ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். எழுதியே வாழ்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினார். ஆனால் பத்திரிகைகள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: இருட்டும் நிசப்தமும் எப்படி இருக்கும் என்பது. மற்ற எழுத்தாளர்களுக்கு வேறு பொருளுக்கு மாறிக்கொள்ளும் உரிமை உண்டு, சுங்கவரியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பாரே இல்லை என, 1908இல் வந்த தம் நூலின் முன்னுரையிலேயே அவர் நகைச்சுவையாகக் குறைபட்டுக்கொண்டார்.

வருமானம் போதாமல்தான் 1913இல் மேடையேறினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி ஆண்டுதோறும் உதவித்தொகை தர முன்வந்தபோது, சமத்துவம் பேசும் நான் கோடீசுவரரின் பணத்தை வாங்கலாமா என்று அதை மறுத்திருந்தார். ஆனால் 1913 வசந்தத்தில் மெய்ன் மாநிலத்துக்குச் சொற்பொழிவுக்குப் போயிருந்தபோது, விடுதியில் ஆன் சல்லிவன் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அறிமுகமில்லாத ஊரில், உதவிக்கு ஒருவரையும் பார்த்துக் கூப்பிட முடியாத நிலையில் ஹெலன் தவித்த தவிப்பு அவரது உறுதியைத் தளர்த்தியது. வீடு திரும்பியதும் கார்னகிக்கு எழுதி, அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டார். இதைக் கொள்கைத் தளர்ச்சி என்று எழுதுவோர் உண்டு. அந்த இரவை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் அப்படிச் சொல்ல மனம் வராது என்பது என் எண்ணம்.

கேள்வி: காது கேளாத ஒருவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் சொற்பொழிவாற்றியது எப்படி? (வாசகர், திருவாரூர்)

பதில்: தனியாக ஆற்றவில்லை என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. கூட்டம் தொடங்கியதும் ஆன் சல்லிவன் முன்வந்து, தாம் ஹெலனுக்குக் கற்பித்த விதத்தை விவரிப்பார். பிறகு ஹெலன் வருவார். ஆசிரியையின் தொண்டை, உதடு, மூக்கு ஆகியவற்றின் மேல் விரல்களை வைத்து, அவர் பேசுவதை அதிர்விலிருந்தே அறிந்து சொல்லிக் காட்டுவார். அதன்பிறகுதான் சொற்பொழிவு. ஹெலன் ஒரு வாக்கியம் பேசுவார். அந்தக் குரல் பழகாதவர்களுக்குப் புரியாது என்பதால் ஆன் சல்லிவன் அதையே திரும்பச் சொல்வார். இறுதியில் அவையோர் கேட்கும் கேள்விகள் கைவிரல் எழுத்துகளாக ஹெலனின் உள்ளங்கைக்கு வந்து சேரும். 1914இல் தொடங்கிய நாடு தழுவிய பயணத்தின்போது பாலி தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அந்தக் குரலுக்காக அவர் பட்ட பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். பத்து வயதில் பேசக் கற்கத் தொடங்கியவர், முப்பதாம் வயதில் சங்கீத ஆசிரியர் ஒருவரிடம் மீண்டும் பயிற்சி எடுத்தார். தாம் எழுப்பும் ஒலி உயர்ந்ததா, தாழ்ந்ததா, உடைந்ததா என்பதைத் தம் காதால் சரிபார்க்க வழியில்லாத ஒருவர், மற்றவர் முகத்திலும் தம் தொண்டையிலும் விரல் வைத்தே எல்லாவற்றையும் பழக வேண்டியிருந்தது. 1913 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் நகரில் நடந்த முதல் சொற்பொழிவில் அச்சத்தால் உறைந்துபோனதையும், தோற்றுவிட்டேன் என்று அழுதபடியே மேடையை விட்டு இறங்கியதையும் அவரே எழுதியிருக்கிறார். தம் குரல் இனிமையானதாக அமையவில்லை என்ற வருத்தம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அப்படியிருந்தும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே குரலோடு மேடையில் நின்றார்.

கேள்வி: அவர் பல்சுவை நாடக மேடைகளில் காட்சிப்பொருளாக நின்றது உண்மையா? அது இழிவல்லவா? (வாசகி, ஈரோடு)

பதில்: உண்மை. 1920 முதல் நான்கு ஆண்டுகள் 'வாடவில்' எனப்பட்ட பல்சுவை நிகழ்ச்சிகளில், வித்தை காட்டுவோருக்கும் ஆடல் பாடல் கலைஞர்களுக்கும் நடுவே, இருபது நிமிட நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ஆன் சல்லிவனுக்கு அது பிடிக்கவில்லை, ஹெலனுக்கோ பிடித்திருந்தது. கூட்டத்தின் மூச்சையும் வாசனையையும் அசைவையும் உணர்வது அவருக்கு உற்சாகமளித்தது, சொற்பொழிவை விட வருமானமும் அதிகம். அவையோர் என்னென்ன கேட்பார்கள் என்று ஊகித்து, பதில்களை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார்கள். தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்வீர்களா என்றால், அதைப் பார்ப்பதற்கு நான் ஒருபோதும் விழித்திருந்ததில்லையே என்பார். முதலாளித்துவத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றால், அதன் காலம் முடிந்துவிட்டது என்பார். அதிசயத்தைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்களிடம் அரசியலும் பேசி அனுப்பினார். இதில் யார் யாரைக் காட்சிப்பொருளாக்கினார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அவர் சோஷலிஸ்ட் என்கிறார்களே, பிரெய்ல் நூல்களைப் படித்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவருக்கு அந்தக் கொள்கை எப்படி வந்தது? (வாசகர், மதுரை)

பதில்: பார்வையின்மை எங்கிருந்து வருகிறது என்று ஆராயப் போன இடத்திலிருந்து வந்தது. 1906இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தில் உறுப்பினரானபோது, பார்வையிழப்பில் பெரும் பங்கு விதியால் வந்ததல்ல என்று கண்டுகொண்டார்: ஆலை விபத்து, வறுமை, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்குத் தொற்றும் பால்வினை நோய். கடைசியாகச் சொன்னதை, பிறந்தவுடன் சில துளி சில்வர் நைட்ரேட் விட்டாலே தடுத்திருக்கலாம். நாகரிகமான பெண்கள் வாயால் சொல்லக் கூசிய அந்த நோயைப் பற்றி, 1907இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் பத்திரிகையிலேயே அவர் எழுதினார்.

1909இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். முன்பு அவரைப் புகழ்ந்து தள்ளிய புருக்ளின் நாளிதழ் ஆசிரியர் ஒருவர், அவருடைய தவறான கருத்துகளுக்குக் காரணம் அவரது உடற்குறைதான் என்று எழுதினார். அதற்கு ஹெலன் 1912இல் எழுதிய பதிலில், அந்தப் பத்திரிகைக்குத்தான் சமூகப் பார்வையும் செவியும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். பெண்களின் வாக்குரிமைக்காகவும், 1916 ஜனவரியில் கார்னகி அரங்கில் உலகப் போருக்கு எதிராகவும் பேசினார். அதே ஆண்டு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு 100 டாலரும் நிறவெறியைக் கண்டிக்கும் ஒரு கடிதமும் அனுப்பினார். அவரது தந்தை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் படையில் அதிகாரியாக இருந்தவர். கடிதம் அவரது சொந்த மாநிலமான அலபாமாவின் பத்திரிகையில் வெளியானபோது உறவினர்கள் கூசிப்போனதில் வியப்பில்லை. 1933இல் அவரது சோஷலிசக் கட்டுரைகளின் ஜெர்மன் பதிப்பு நாஜிகளின் தீக்கிரையானது.

1924இல் பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளையில் சேர்ந்து நிதி திரட்டத் தொடங்கிய பின், மேடைகளில் அரசியல் தொனி தணிந்தது. நன்கொடையாளர்களின் முகத்தைப் பார்க்க வேண்டிய பணி அது. அவர் கொள்கையைக் கைவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நாம் அறிந்திருக்கும் சாதுவான ஹெலன் கெல்லர் உருவானதில் இந்த ஆண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: அவரிடம் குறையே இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. 1915இல் சிகாகோவில், கடும் உடற்குறைகளோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்ய மறுத்து அதை இறக்க விட்ட மருத்துவரை ஆதரித்து, இத்தகைய குழந்தைகளின் வாழ்வைப் பற்றி முடிவெடுக்க மருத்துவர் குழு அமைக்கலாம் என்று அவர் எழுதினார். அக்காலப் படித்தவர்கள் பலரையும் பீடித்திருந்த இனமேம்பாட்டுவாதம் அது, அதாவது குறையுள்ளவர்களைக் களைந்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற எண்ணம். மற்ற எவர் எழுதியிருந்தாலும் அக்காலப் பிழை என்று கடந்து போய்விடலாம். அவர் எழுதியதால் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் லயன்ஸ் சங்கம் நடத்திய கண் சிகிச்சை முகாமின் பதாகையில் ஹெலன் கெல்லரின் படம் இருந்தது. இருவருக்கும் என்ன தொடர்பு? அவர் இந்தியாவுக்கு வந்ததுண்டா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: 1925 ஜூன் 30 அன்று, ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசிய ஹெலன், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று அவர்களை அழைத்தார். நீங்கள் பார்த்த முகாமின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தியாவுக்கு 1955இல் வந்தார். ஆன் சல்லிவன் 1936இலேயே காலமாகிவிட்டதால் உடன் வந்தவர் பாலி தாம்சன். இந்தியப் பயணத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1948இல், ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் சென்று, அணுகுண்டில் வெந்த ஒருவரின் முகத்தழும்புகளை விரல்களால் அறிந்திருந்தார். 1955இல் 75 வயதை நெருங்கிய நிலையில் ஆசிய நாடுகளில் ஐந்து மாதங்கள், 40,000 மைல் பயணம் செய்தார். நேருவின் முகத்தை அவர் விரல்களால் தடவிப் பார்க்கும் புகைப்படம் அப்போது எடுக்கப்பட்டதே. 1957இல் பாலி தாம்சனைப் பக்கவாதம் தாக்கியது. அத்துடன் நீண்ட பயணங்களும் நின்றுபோயின.